பச்சைக் கோட்டும் வெள்ளை உடுப்பும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் கட்டுரையில் அகஸ்டா மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியைக் ‘கதவு திறக்க மனமில்லாதவர்களின் திருவிழா’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் ஏப்ரல் வந்தால் விடியவிடிய விழித்திருந்து தொலைக்காட்சியில் அதைப் பார்க்கிறேன். அந்தப் பூக்கள், விளம்பரத் தட்டி ஒன்றுகூட இல்லாத மைதானம், கூச்சல் போடாத கூட்டம்! மரபைக் காப்பாற்றுவது ஒரு குற்றமா?

ரா., கோயம்புத்தூர்

அன்புள்ள ரா.,

அந்த வரியை மாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்த மைதானத்தின் அழகில் உங்களைப் போலவே நானும் மயங்குகிறவன்தான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அந்த நிலம் முன்பு ஒரு நாற்றுப்பண்ணை. பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பத்தினர் அங்கே பழமரங்களும் பூச்செடிகளும் வளர்த்து விற்றார்கள். 1930இல் ஒரே ஆண்டில் கோல்ஃபின் நான்கு பெரிய பட்டங்களையும் வென்று, 28 வயதிலேயே ஓய்வுபெற்ற பாபி ஜோன்ஸும், நியூயார்க்கில் முதலீட்டுத் தொழில் செய்த கிளிஃபர்ட் ராபர்ட்ஸும் சேர்ந்து அங்கே கிளப்பைத் தொடங்கினார்கள். 18 குழிகளுக்கும் செடி, மரங்களின் பெயர்தான். பதின்மூன்றாவது குழியின் பெயர் அசேலியா. முதல் போட்டி 1934 மார்ச்சில் நடந்தது. மைதானத்தை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கென்சி அதைப் பார்க்கவில்லை, ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

உறுப்பினர்கள் பச்சைக் கோட்டு அணியத் தொடங்கியது 1937இல். வழி தெரியாத பார்வையாளர் யாரிடம் கேட்பது என்று அடையாளம் காட்டத்தான் அந்த ஏற்பாடு. வெற்றி பெற்றவருக்கு அதை மாட்டிவிடும் வழக்கம் 1949இல்தான் வந்தது. அங்கே பல ஆண்டுகளாக விலை ஏறாத ஒன்றரை டாலர் சாண்ட்விச்சையும், பார்வையாளர்களுக்கு உள்ள செல்போன் தடையையும் நானும் ரசிக்கிறேன். செல்போன் தடையை நம் சங்கீத சபாக்களும் பின்பற்றலாம்.

என் கண் நிற்பது வெள்ளை உடுப்பில். வீரரின் பையைச் சுமந்துகொண்டு நடக்கும் கேடிகளின் உடுப்பு அது. 1982 வரை மாஸ்டர்ஸில் ஆடுகிறவர் யாராக இருந்தாலும் கிளப்பின் கேடியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அனைவரும் உள்ளூர்க் கறுப்பின ஆண்கள். அகஸ்டாவின் புல்தரை கண்ணை ஏமாற்றும். மேடு போலத் தெரிவது பள்ளமாக இருக்கும். பந்து எந்தப் பக்கம் உருளும் என்பது இவர்களுக்குத்தான் அத்துப்படி. ஜாக் நிக்லாஸ் அங்கே வென்ற ஆறு பட்டங்களில் ஐந்தில் பை சுமந்தவர் வில்லி பீட்டர்சன். கார்ல் ஜாக்சன் சிறுவயதிலேயே இந்த வேலைக்கு வந்தவர். 1995இல், அவர் பை சுமந்த வீரர் பென் கிரென்ஷா தடுமாறிக்கொண்டிருந்தபோது, பந்தைக் காலடியில் சற்றுப் பின்தள்ளி வையுங்கள், தோளை இறுக்கமாகத் திருப்புங்கள் என்று சொன்னார். அவ்வளவுதான். அந்த வாரமே கிரென்ஷா பட்டம் வென்றார்.

ஆனால் கறுப்பின வீரர் ஒருவர் அங்கே போட்டியாளராக இறங்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1967இலும் 1969இலும் பெரிய தொழில்முறைப் போட்டிகளை வென்ற சார்லி சிஃபோர்டுக்குக் கடைசிவரை அழைப்பு வரவில்லை. முதலில் ஆடியவர் லீ எல்டர். கொலை மிரட்டல்கள் வந்ததால் அந்த வாரம் ஊருக்குள் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கினார்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் கசக்கிறது. 1982இல் மழையால் நின்ற ஆட்டம் மறுநாள் காலை தொடங்கியபோது சில கேடிகள் வந்து சேரவில்லை. அதைக் காரணம் காட்டி, சொந்தக் கேடியை அழைத்துவர அடுத்த ஆண்டு முதல் வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் தலைமுறையாகச் சேர்த்த அறிவோடு உள்ளூர்க்காரர்கள் வெளியே நின்றார்கள். சாண்ட்விச் விலையைக் காப்பாற்றிய மரபு இவர்களைக் காப்பாற்றவில்லை.

கறுப்பினத்தவர் ஒருவர் உறுப்பினரானது 1990இல். பெண்கள் 2012இல்: அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ், தொழிலதிபர் டார்லா மூர். அதற்குப் பத்தாண்டு முன்பே மார்தா பர்க் என்பவர் பெண்களைச் சேர்க்கச் சொல்லிப் போராடினார். விளம்பரதாரர்களுக்கு நெருக்கடி வரக்கூடாது என்று 2003, 2004 ஆண்டுகளில் விளம்பரமே இல்லாமல் ஒளிபரப்பினார்கள். பெண்களைச் சேர்ப்பதைவிட அது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

1997இல் 21 வயது கறுப்பின வீரர் டைகர் வுட்ஸ், இரண்டாம் இடம் வந்தவரைவிட 12 ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் எண்ணிக்கை) குறைவாக ஆடி வென்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை நேரில் பார்க்க லீ எல்டர் அகஸ்டாவுக்குக் காரில் விரைந்தார். வேகமாக ஓட்டியதற்காக வழியில் போலீஸிடம் அபராதச் சீட்டும் வாங்கினார். மாஸ்டர்ஸில் எனக்கு மிகவும் பிடித்த பயணம் அதுதான்.

நீங்கள் தொடர்ந்து பாருங்கள். எல்லா இரவும் கண்விழிக்க முடியாவிட்டால் ஞாயிறு இரவை மட்டுமாவது விடாதீர்கள். 2016இல் கடைசி நாளின் பாதி ஆட்டம் முடிந்தபோது ஐந்து ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத், பன்னிரண்டாவது குழியில் இரண்டு பந்துகளை ஓடைக்குள் விட்டுப் பட்டத்தையே கோட்டைவிட்டார். அந்தக் குழி வரும்போது தேநீர் போட எழுந்து போய்விடாதீர்கள்.