எண்ணே பெயரான சிகரம்

கேள்வி: உலகின் இரண்டாவது உயரமான சிகரத்தை மட்டும் ‘கே2’ என்று எண்ணிட்டு அழைப்பது ஏன்? உள்ளூர் மக்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லையா? - வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: கே2 என்பது நில அளவையாளர் ஒருவர் அடையாளத்துக்காக இட்ட குறி. 1856ஆம் ஆண்டு காஷ்மீரின் ஹரமுக் மலையில் நின்று வடக்கே நோக்கிய தாமஸ் மான்ட்காமரி, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் காரகோரம் தொடரில் எடுப்பாகத் தெரிந்த இரண்டு சிகரங்களின் கோட்டுருவங்களைத் தம் குறிப்பேட்டில் வரைந்து, கே1, கே2 என்று எழுதி வைத்தார். ‘கே’ காரகோரத்தைக் குறிக்கும். அவர் பணியாற்றிய, இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் முக்கோண அளவை, 1802இல் நம் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டில் தொடங்கியது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

உள்ளூர்ப் பெயர் தெரியவந்தால் குறியை நீக்கிவிட்டு அதையே வரைபடத்தில் சேர்ப்பது அளவையாளர்களின் வழக்கம். அவ்வாறே கே1, மாஷர்புரும் ஆயிற்று. கே2வுக்கு மட்டும் அப்படியொரு பெயர் கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் அந்த மலையின் இருப்பிடம்தான். அம்மலைக்குச் செல்லும் வழியில் கடைசி ஊரான அஸ்கோலேயிலிருந்து பார்த்தால் 8,611 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் கண்ணிலேயே படாது. பல்தோரோ பனியாற்றின் மேல் நாள்கணக்கில் நடந்து, காங்கார்டியா என்னும் பனிவெளியை அடைந்த பிறகே அது முழு உருவத்துடன் எதிரே நிற்கும். வாசலில் நின்றால் தெரியாத மலைக்கு ஊரார் பெயரிடாமல் இருந்ததில் வியப்பில்லை.

அப்பகுதி மக்கள் பேசும் பால்டி மொழியில் ‘பெரிய மலை’ என்று பொருள்படும் ‘சோகோரி’ என்ற பெயரும் வழங்குகிறது; ஆனால் அது மேலைநாட்டுப் பயணிகள் அம்மொழிச் சொற்களைச் சேர்த்து அமைத்துக்கொண்டதாகவே கருதப்படுகிறது. அப்பகுதியை ஆராய்ந்த காட்வின் ஆஸ்டினின் பெயரைச் சூட்டும் யோசனையை லண்டன் அரச புவியியல் கழகம் ஏற்கவில்லை. சில வரைபடங்களில் அப்பெயர் இடம்பெற்றாலும், மக்களிடம் அது நிலைக்காததை நல்லதென்றே கருதுகிறேன். சிகரத்தின் அடிவாரத்திலுள்ள பனியாறு அவர் பெயரைத் தாங்கியிருப்பதே போதுமானது.

இன்று பால்டி மக்களே அம்மலையைக் ‘கேட்டூ’ என்கிறார்கள். மான்ட்காமரியின் ஆங்கில எழுத்தும் எண்ணும் அவர்கள் நாவில் ஒரே சொல்லாகி, அவர்களுடைய மொழியின் பெயராகவே ஆகிவிட்டன.