விளக்குக் கரியும் கண் மையும் லேசருக்கு ஒன்றுதான்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் குடும்பம் பராமரிக்கும் கோயில் மண்டபச் சுவரில் பூட்டன் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கறுத்துவிட்டன. எங்கள் இரும்புக் கேற்றின் துருவை லேசரால் எடுத்தவர், சுவரையும் ஒரே நாளில் துப்புரவாக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

அவர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. 1970களின் தொடக்கத்தில் ஜான் அஸ்மஸ் என்ற இயற்பியலாளர் வெனிஸ் நகரச் சிற்பங்களில் செய்து பார்த்த வேலை இது. கறுப்பு அழுக்கு ஒளியை விழுங்கிச் சூடாகிப் பறந்துவிடும். அடியிலுள்ள வெள்ளைக் கல் ஒளியைத் திருப்பி அனுப்பும். அழுக்குத் தீர்ந்ததும் வேலை தானாக நிற்கும். உங்கள் சுவரில் அழுக்குக்கு அடியில் இருப்பதோ வெள்ளைக் கல் அல்ல, வர்ணம்.

வர்ணத்துக்கு வர்ணம் குணம் வேறு. பாதரசம் சேர்ந்த சிவப்பான சாதிலிங்கம் லேசர் பட்டால் கறுத்துப்போகும். ஈயத்தில் செய்த செந்தூரமும் ஈய வெள்ளையும் அப்படித்தான். வெள்ளைதானே என்று நம்பி வேட்டிப் பகுதியில் தொடங்கினாலும் சாம்பல் நிறமாகலாம். மஞ்சள் காவியில் இருப்பது நீர் சேர்ந்த இரும்புத் தாது. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் சூட்டில் அந்த நீர் போய்ச் சிவப்புக் காவியாகிவிடும். மஞ்சள் பட்டு உடுத்த அம்மன் சிவப்பு உடுத்து நிற்பாள், திரும்ப மாற்ற வழியில்லை. செம்பு கலந்த பச்சையும் நீலமும் கூடக் கருகும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம் கண்கள்தான். பழைய ஓவியர்கள் பெரும்பாலும் விளக்குக் கரியைப் பிடித்தே மை செய்தார்கள். மேலே படிந்திருப்பதும் அதே கரி. இரண்டையும் பிரித்துப் பார்க்க லேசருக்குத் தெரியாது. அழுக்கோடு அம்மனின் கண்ணும் போய்விடும்.

இத்தாலியில் சுவரோவியங்களுக்கு லேசர் பாவித்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். பாவித்தார்கள், ஆனால் லேசர் ஒளி விட்டுவிட்டு வரும் ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீள்கிறது, எவ்வளவு சக்தி என்பதை அளந்து, விரல்நுனியளவு இடங்களில் பரீட்சித்த பிறகு. துரு எடுக்கும் யந்திரம் உலோகத்துக்கென்று அமைத்தது. அதைக் கொண்டு சித்திரத்தைத் தொடுவது கோடரியால் சவரம் செய்வது போல.

முதலில் விளக்கையும் கற்பூரத் தட்டையும் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். ஈரத் துணி, சவர்க்காரம் எதுவும் வேண்டாம். பசையில் குழைத்த வர்ணமானால் கையோடு வந்துவிடும். வர்ணம் பொருக்காக எழும்பியிருந்தால் தூசிகூடத் தட்டாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் சுவர் முழுவதையும் படமெடுத்து, தொல்பொருள் திணைக்களத்திடம் ஓவியப் பாதுகாப்பில் பயின்றவர் ஒருவரைக் கேளுங்கள். எந்த வர்ணத்தில் ஈயம், எதில் பாதரசம் என்பதைச் சுவரைச் சுரண்டாமலே எக்ஸ் கதிர்க் கருவியால் பார்க்க முடியும். மேலோட்டமான கரியை உலர்ந்த இறப்பர் பஞ்சால் அவர் எடுத்துப் பார்ப்பார். எண்ணெயோடு இறுகியது முழுக்கப் போகாது. கொஞ்சம் கறுப்போடு இருந்துவிட்டுப் போகட்டும்.