கடற்படுகைக்குக் கீழே கரியமில வாயு

கேள்வி: புவி வெப்பமாதலைக் குறைக்கக் கரியமில வாயுவைக் கடலுக்கு அடியில் செலுத்துகிறார்களாமே, குமிழியிட்டு மேலே வந்துவிடாதா?

பதில்: கடல் நீரில் விடுவதில்லை. கடற்படுகைக்கும் கீழே, உப்புநீர் ஊறிய மணற்கல்லின் நுண்துளைகளுக்குள் செலுத்துகிறார்கள். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் இது நடக்கிறது. அங்கே எடுக்கும் எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு; 2.5 சதவீதத்துக்குக் குறைத்தால்தான் விற்க முடியும். கரியமில வாயுவை உறிஞ்சும் அமீன் என்ற வேதிக் கரைசலால் பிரித்ததைக் காற்றில் விட்டால் 1991-ல் வந்த கார்பன் வரியைக் கட்ட வேண்டும். அதனால்தான் பாறைக்குள் அனுப்பினார்கள்.

ஆழம் பொதுவாக 800 மீட்டருக்கு மேல் வேண்டும். 31 டிகிரி வெப்பமும் 74 பார் அழுத்தமும் தாண்டினால் வாயு திரவம்போல் அடர்த்தியாகிவிடும். தரைக்கு மேல் ஒரு கன மீட்டரில் 2 கிலோகூட இல்லாதது, அங்கே 600 கிலோ அளவுக்கு அடங்கும். அப்போதும் உப்புநீரைவிட லேசானதுதான், மேலேறப் பார்க்கும். அதைத் தடுக்க மேலே கெட்டியான களிமண் பாறை மூடியாக இருக்க வேண்டும். நாளாவட்டத்தில் ஒரு பகுதி துளைகளில் சிக்கிக்கொள்ளும். ஒரு பகுதி உப்புநீரில் கரையும். கரைந்த நீர் கனமாகிக் கீழே இறங்குவது நமக்குச் சாதகம்.

கேள்வி: எங்கே தவறு நேரும்?

பதில்: பெரும்பாலும் அழுத்தத்தில். நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலின் ஸ்னோவிட் எரிவாயு வயலில் 2008-ல் செலுத்தத் தொடங்கியதும் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. உலர்ந்த கரியமில வாயு கிணற்றைச் சுற்றியுள்ள உப்புநீரிலிருந்து நீரை மட்டும் உறிஞ்ச, உப்பு படிந்து துளைகளை அடைத்திருந்தது. கிளைகால் என்ற வேதித் திரவம் கலந்த நீரைச் செலுத்தி அதைக் கரைத்தார்கள். அப்புறமும் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த மணற்கல் ஒரே பரப்பாக இல்லாமல் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டுக் கிடந்ததால், இடம்பெயர வேண்டிய நீருக்குப் போக்கிடம் இல்லை. விட்டிருந்தால் பாறை பிளக்கும் எல்லையை நெருங்கியிருக்கும். 2011-ல் அந்த அடுக்கைக் கைவிட்டு, அதே கிணற்றில் மேலே உள்ள வேறொரு அடுக்குக்கு மாறினார்கள். ஆகவே கொள்ளளவை மட்டும் கணக்குப் போட்டு இடம் தேர்ந்தெடுப்பது ஆபத்து. அழுத்தம் எவ்வளவு தூரம் பரவும் என்பதே முதல் கேள்வி.

கசிவுக்குப் பழைய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் சிமென்ட் அடைப்பையும் சந்தேகிக்க வேண்டும். குழாயில் ஈரம் இருந்தால் கார்பானிக் அமிலம் உருவாகிச் சாதாரண எஃகை அரிக்கும். வாயுவை உலர்த்தியே அனுப்ப வேண்டும்.

கேள்வி: இதனால் அனல் மின் நிலையங்களை மூடாமல் காப்பாற்றலாமா?

பதில்: அதற்கு இதைச் சாக்காக்கக் கூடாது. உலகம் எரிபொருளால் ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. ஸ்லைப்னர் செலுத்தியது ஆண்டுக்கு அதிகபட்சம் 10 லட்சம் டன் அளவே. மின்சாரத்துக்கு மாற்று வழி உண்டு. சிமென்டுக்கு அது கடினம், ஏனென்றால் சுண்ணாம்புக்கல்லே சூளையில் கரியமில வாயுவை விடுகிறது. நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. அதைத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுபோய், 100 கிலோமீட்டர் குழாய் வழியே கடற்படுகைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்தும் பணி 2025 ஆகஸ்டில் தொடங்கியது.