லாகோஸ் வேலையா? சம்பளம் எந்தப் பணத்தில் என்று முதலில் கேளுங்கள்

அம்மா, பையன் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் சின்ன வியாபாரிகளுக்குப் பேமென்ட் மென்பொருள் எழுதும் கம்பெனிக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறான், தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஊர்ப் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, சொல்கிறேன்.

ஷோலா அகின்லாடே பெயரைச் சொல்லிக்கொண்டே திரிகிறானாமே, நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறான். எஸ்ரா ஒலுபியோடு சேர்ந்து அவர் லாகோஸில் தொடங்கிய பேஸ்டாக் என்ற பேமென்ட் கம்பெனியை 2020 அக்டோபரில் ஸ்ட்ரைப் என்ற பெரிய வெளிநாட்டுப் பேமென்ட் கம்பெனி வாங்கியது. விலை 20 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. பிள்ளைகள் அந்தச் செய்தியை 20 கோடி வரை படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்போதே சுமார் 60,000 வியாபாரங்கள் அதன் வழியாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தன. வாங்கியவர் கணக்கில் காசு கழிந்து, விற்றவருக்கு வராமல் நடுவில் நின்றால் அது எங்கே நிற்கிறது, எந்த வங்கியைக் கேட்பது, ராத்திரி பத்து மணிக்கு அந்த வியாபாரிக்கு யார் பதில் சொல்வது? வேலை என்றால் அதுதான்.

கென்யாவில் இன்னொரு மாதிரி. 2007-ல் வந்த எம்-பெசா என்ற, போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை சாதாரண பட்டன் போனிலேயே ஓடியது, காய்கறி விற்கும் பெண்கள்வரை போய்ச் சேர்ந்தது. அதனால் ஆப் மட்டும் எழுதத் தெரிந்தால் பத்தாது. யுஎஸ்எஸ்டி (இன்டர்நெட் இல்லாமல் *, # போட்டு எண் அழுத்தும் முறை), டேட்டாபேஸ், கொஞ்சம் கணக்குப்பதிவியல் மூன்றையும் படிக்கச் சொல்லுங்கள். போவதற்கு முன் ஒரு மாதம் தெருமுனை அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து கடன் நோட்டு எப்படி ஓடுகிறது என்று பார்க்கட்டும். லாகோஸ் கடை அப்படியே இருக்காதுதான், ஆனால் கடைக்காரரிடம் கேள்வி கேட்கும் பழக்கமாவது வரும் (எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் வராது).

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். 2023 ஜூனில் நைஜீரியப் பணமான நைராவின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டார்கள். அதற்கு முன் ஒரு டாலர் 470 நைரா அளவில் இருந்தது, அடுத்த ஆண்டே 1,500-ஐத் தாண்டிவிட்டது. சம்பளம் நைராவில், கல்விக் கடன் ரூபாயில் என்றால் தவணை கட்டுவது நீங்களாகத்தான் இருக்கும். டாலரில் தருவார்களா, இல்லையென்றால் மதிப்பு சரியும்போது கூட்டித் தருவார்களா என்று கேட்கட்டும்.

அப்புறம் விசா. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கக் கம்பெனிக்கு அங்கே அரசு ஒதுக்கீடு (இத்தனை வெளிநாட்டவரை எடுக்கலாம் என்ற அனுமதி) வேண்டும், அதை வைத்துத்தான் எஸ்டிஆர் என்ற வேலைக்கான விசா வாங்குவார்கள். 'இப்போதைக்கு பிசினஸ் விசாவில் வா, மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்றால் டிக்கெட் போட வேண்டாம்.

இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்கி, ஆஃபர் லெட்டரோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.