நாற்பது கட்டுரைகளை மனனம் செய்தால் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் தேறிவிட முடியுமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். மகள் படிவம் ஐந்தில் படிக்கிறாள், அதன் இறுதியில் மலேசிய அரசின் எஸ்.பி.எம். தேர்வை எழுத வேண்டும். அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு ‘இ’தான் கிடைத்தது. ஈப்போவிலிருந்து வரும் ஒருவர் நாற்பது கட்டுரைகளும் ‘கண்டிப்பாக வரும்’ கேள்விகளும் தருவதாகச் சொல்லி 1,200 வெள்ளி கேட்கிறார். இந்த மாதத்துக்குள் கட்டினால் 900 வெள்ளியாம். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கட்டலாமா?

பதில்: ஐயா, கட்ட வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்கிறேன். தேர்வு நெருங்கும் காலத்தில் தோட்டப்புறப் பெற்றோரின் அச்சத்தை விலைபேச ஆட்கள் வருவது புதிதல்ல. ‘இந்த மாதத்துக்குள்’ என்ற கெடுவை அவர்கள் வைப்பதே, நீங்கள் பள்ளியில் போய் விசாரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

எஸ்.பி.எம். ஆங்கிலம் 2021 முதல் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்களாக நடத்தப்படுகிறது. மனனம் செய்த கட்டுரை உதவும் என்றே வைத்துக்கொண்டாலும், அது எழுத்துத் தாள் ஒன்றுக்குத்தான் பயன்படும். அந்தத் தாளுக்கு ஒன்றரை மணி நேரம். முதல் பகுதியில் ஒரு மின்னஞ்சலுக்கு ஏறத்தாழ 80 சொற்களில் பதில், இரண்டாம் பகுதியில் கொடுக்கப்பட்ட குறிப்புகளை வைத்து 125 முதல் 150 சொற்கள், மூன்றாம் பகுதியில் மூன்று தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 200 முதல் 250 சொற்கள் எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் 20 புள்ளி. கேட்டதற்கு விடை எழுதியிருக்கிறாளா, படிப்பவருக்கும் நோக்கத்துக்கும் பொருந்த எழுதியிருக்கிறாளா, கருத்துகள் ஒழுங்காகத் தொடர்கின்றனவா, மொழி சரியாக இருக்கிறதா என்று நான்கு கோணங்களில் பார்த்துத் தலா ஐந்து புள்ளி தருவார்கள். முதல் கோணம் ‘கேட்டதற்கு விடை’, அதாவது உள்ளடக்கம், என்பதைக் கவனியுங்கள். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், விடுமுறைக்கு வரும் நண்பனுக்கு ஊரில் எதைக் காட்டுவாய் என்ற கேள்விக்கு, தான் உருப்போட்டிருந்த சுற்றுச்சூழல் தூய்மைக் கட்டுரையைத் தலைப்பு மாற்றி எழுதிக் கொடுத்தான். ஒரு பிழைகூட இல்லாத அந்தக் கட்டுரைக்கு உள்ளடக்கத்தில் நான் என்ன புள்ளி கொடுத்திருக்க முடியும்?

‘கண்டிப்பாக வரும்’ கேள்வி என்பது இரண்டே வகை. ஒன்று, பழைய தாள்களைப் புரட்டினால் யாரும் சொல்லிவிடக்கூடிய ஊகம். அதற்குக் காசு எதற்கு? மற்றொன்று திருட்டு. 2014-இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் யு.பி.எஸ்.ஆர். தேர்வுக் கேள்விகள் கசிந்தபோது நாடு முழுவதும் பிள்ளைகள் ஆங்கிலத் தாளையும் அறிவியல் தாளையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அதே கதிதான். புலனத்திலோ (வாட்ஸ்அப்) டெலிகிராமிலோ யாராவது ‘உண்மையான கேள்வி’ என்று அனுப்பினால், மகள் அதைத் திறக்காமல் அழித்துவிடட்டும்.

மனனம் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதில்தான் பிள்ளைகள் அதிகம் குழம்புகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வடிவத்தை மனனம் செய்யலாம். மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது, அறிக்கைக்குத் தலைப்பும் உட்தலைப்பும் எங்கே வரும், விமர்சனத்தின் இறுதியில் பரிந்துரை எப்படி அமையும், ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்குப் போக எந்த இணைப்புச் சொல் பொருந்தும் என்பவை எந்தக் கேள்வி வந்தாலும் மாறாதவை; அவற்றை மகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத வேண்டும். ஆனால் அந்த மனனம் ஒரு பகுதிக்கு இரண்டு மூன்று வாக்கியங்களைத் தாண்டக் கூடாது. ‘உலகமயமாதலின் இந்த யுகத்தில்’ என்று தொடங்கும் பகட்டான முன்னுரையை ஒப்பித்துவிட்டு, அடுத்த வரியிலேயே எளிய வினைச்சொல்லில் தடுமாறினால், முதல் வாக்கியம் அவளுடையது அல்ல என்பது திருத்துபவருக்கு உடனே புரிந்துவிடும். தன் வாயால் இயல்பாகச் சொல்ல வராத சொல்லை அவள் தாளிலும் எழுத வேண்டாம். மொத்தத்தில் மனனத்துக்கு உரியது ஒரு தாளின் இரு பக்கங்களில் அடங்கிவிடும். அதை அவளுடைய ஆசிரியரே இலவசமாகக் கொடுப்பார்.

‘இ’ வாங்கிய பிள்ளைக்கு விரைவாகப் புள்ளி சேரும் இடம் வாசிப்புத் தாள். அதில் 40 கேள்விகள். தவறான விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றைக்கூட வெறுமனே விடக் கூடாது. முதல் எட்டுக் கேள்விகள் அறிவிப்பு, விளம்பரம், குறுஞ்செய்தி போன்ற சிறு பகுதிகளிலிருந்து வருகின்றன. கிளினிக் சுவரில் ஒட்டிய அறிவிப்பு, மருந்துப் பெட்டி, களைக்கொல்லிக் கலனில் உள்ள எச்சரிக்கை எல்லாம் இதற்குப் பயிற்சிதான். நாளுக்கு ஒன்றை அவள் ஆங்கிலத்தில் படித்து உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே தடையே அல்ல: யார், யாருக்கு, எப்போது, எதைச் செய்யச் சொல்கிறார்கள், எதைச் செய்யக் கூடாது என்கிறார்கள் என்று நீங்கள் தமிழில் குடைந்து குடைந்து கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் அவள் மறுபடி தாளைப் பார்க்கும் இடம்தான் அவளுக்குப் புரியாமல் போன இடம்.

எழுத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பெரும் பிழை காலம். ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று எழுதுவார்கள். மலாய் மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறுவதில்லை. பள்ளியில் நாள் முழுவதும் அந்த மொழியில் படிக்கும் பிள்ளை, ஆங்கிலத்தையும் அதே பழக்கத்தில் எழுதிவிடுகிறது. தமிழில் போனேன், போகிறேன், போவேன் என்று நாம் சரியாகப் பிரித்துச் சொல்கிறோம் அல்லவா? எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் தமிழில் சொல்லிப் பார்த்துக் காலத்தைச் சரிசெய்யும்படி அவளிடம் சொல்லுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், மின்னஞ்சல் பதில் ஒன்றை இருபது நிமிடத்தில் எழுதினால் போதும். நாற்பது கட்டுரை தேவையில்லை.

இவற்றையெல்லாம் பள்ளியே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022-இலும் நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்த பள்ளி மதிப்பீட்டை தோட்டத்துப் பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் யாரும் விளக்கவில்லை, அதனால் பிள்ளை பின்தங்கியது ஐந்தாம் படிவத்தில்தான் வீட்டுக்குத் தெரிய வருகிறது. பாடநூலோ வெளிநாட்டுப் பதிப்பகத்திலிருந்து வந்தது. நாற்பது பேர் வகுப்பில் ஒரே ஆசிரியர் வாரந்தோறும் எல்லாருடைய எழுத்தையும் திருத்துவார் என்று எதிர்பார்க்கும் அமைச்சுக்கு, அது நடவாத காரியம் என்பது தெரியாதா? அந்த இடைவெளியில்தான் ஈப்போக்காரர் புகுந்து வியாபாரம் செய்கிறார்.

இந்த வாரமே ஒரு நாள் பள்ளிக்குப் போய், அரையாண்டு எழுத்துத் தாளில் அந்த நான்கு கோணங்களுக்கும் தனித்தனியாக எத்தனை புள்ளி கிடைத்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உள்ளடக்கத்தில் குறைந்திருந்தால் அவள் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. அது சில வாரங்களில் சரியாகக்கூடியது. மொழியில் மட்டும் குறைந்திருந்தால், வாரம் ஒருமுறை அவளுடைய எழுத்தை வரி வரியாகத் திருத்தித் தரும் ஒருவரைத் தேடுங்கள். பிரத்தியேக வகுப்புக்குப் பணம் செலவிட வேண்டுமென்றால் அதற்குச் செலவிடுங்கள். சேர்க்கும் முன், அவர் திருத்திய வேறொரு மாணவரின் தாளைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சிவப்பு மையில் குறிப்புகள் இல்லாமல் மொத்தப் புள்ளி மட்டும் போட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.