பேத்தியையும் கூட்டிப் போங்கள்

கேள்வி: மார்கழி வெயில் இதமாக இருக்கிறதே என்று நவீன ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குப் போனேன். ஒன்றும் புரியவில்லை. என் பேத்திகூட இப்படிக் கிறுக்குவாள். இதையெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும்?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: எத்தனை நிமிஷம் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே, சார்! சபாவில் முக்கால் மணி நேரம் தோடி ஆலாபனை கேட்கிறீர்கள். அதில் ஒரு வார்த்தை உண்டா? அர்த்தம் சொல்லுங்கள் என்று வித்வானை மறித்ததுண்டா? படம் என்றால் மட்டும் உடனே கோனார் நோட்ஸ் தேடுகிறோம்.

சரி, ஒரு நாள் மதியக் கச்சேரியை விட்டுவிட்டு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்குப் போங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் உண்டாக்கிய ஓவியர் கிராமம் அது. படம் விற்றா நிலம் வாங்கினார்கள்? பத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும்) துணி விற்ற காசில்! பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் ஒன்றின் முன்னால் நில்லுங்கள். நாலடி தள்ளி நின்றால் ஜாதகக் கட்டமும் பொடி எழுத்துமாகப் பழைய பஞ்சாங்கத் தாள் மாதிரி இருக்கும். கிட்டப் போனால் மலையாளம் போலத் தோன்றும். வாசிக்க மட்டும் வராது. வாசிக்கும் முயற்சியை நீங்கள் கைவிட்ட பிறகுதான் அந்த எழுத்தெல்லாம் கோடாகவும் புள்ளியாகவும் கண்ணில் படும். எனக்கு அதற்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. (முதல் முறை நானும் உங்களைப் போலத்தான் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.)

கிறுக்கல் என்கிறீர்களே, ஓவியர் ஆதிமூலம் வெறும் கோட்டை வைத்துக்கொண்டு காந்தியை விதவிதமாக வரைந்து தள்ளியவர். சிற்றிதழ்களிலும் புத்தக அட்டைகளிலும் அவருடைய கோடுகளைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அங்கே உறுத்தாதது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதும் உறுத்துகிறது!

அடுத்த தடவை பேத்தியையும் கூட்டிப் போங்கள். சோழமண்டலத் தோட்டத்தில் கருங்கல் சிற்பங்கள் இருக்கின்றன, காலையில் போனால் கல் ஜில்லென்று இருக்கும். அவள் அர்த்தம் கேட்டு உங்களைப் படுத்த மாட்டாள். இது மீனா, பாம்பா என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லத்தான் நீங்கள் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.