கடல் உயிரியல் படித்தவருக்கு ஆலோசனை நிறுவனத்தில் என்ன வேலை?

கடல் உயிரியல் முடித்துவிட்டு, கல்லூரி, ஆய்வகம் தவிர வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம்.

கடலோரத்தில் துறைமுகம் போன்ற திட்டம் வந்தால், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இரண்டையும் பார்த்து முன் அனுமதி வாங்க வேண்டும். அங்கே பவளப்பாறை, கடற்புல், அலையாத்தி, ஆமை முட்டையிடும் கரை இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்து எழுதுவது நீங்கள். முங்கி எண்ணுவது சில நாள். அறிக்கை எழுதுவது பல வாரம். ஒரே பருவத்தில் பார்த்துவிட்டு 'இங்கு எதுவும் இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கலங்கல் நீரில் கடற்புல் கண்ணுக்கே தெரியாது.

வாழிட மீட்புதான் எனக்கு மனம் நிறையும் பகுதி. பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் கடற்புல் தண்டுகளை முடிந்து கடலடியில் பதிக்கிறார்கள். தூத்துக்குடி அருகே அரிப்பில் சுருங்கிய வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். நட்ட இடத்தில் இழுவலை ஓடினால் உழைப்பெல்லாம் போச்சு. அதனால் மீனவர்களிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கடல்பகுதியில் புல் இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, தயாரிப்பு? ஸ்கூபா சான்றிதழ், புள்ளியியல், ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் முறை). சேரும் முன் அந்த நிறுவனத்துக்கு நாபெட் (NABET) அங்கீகாரம், அதாவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்களுக்கான அங்கீகாரம், இருக்கிறதா என்று பாருங்கள்.